மூன்றாவது அருவிக்கு மேலே

“மழை வருகுது புள்ள, குடைய விரி” என்றார் மாமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. தேயிலைச் சரிவுகளில் காலை வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. ஆனாலும் மாமி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கறுப்புக் குடையை என் கையில் திணித்தார். எங்களுக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்த மனிதர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“மழ இல்லீங்கம்மா. தண்ணி விழுகுற சத்தம். கீழ் அருவி.”

“இவ்வளவு சத்தமா?” என்று மாமி மெல்லக் கேட்டார். தலைப்பை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அரை மைல் தூரம் நடந்தோம். வளைவுக்கு வளைவு அந்தச் சத்தம் பெருத்துக்கொண்டே வந்தது.

மாமி என்பது என் கணவரின் தாய். முன்னால் நடந்தவர் முத்தையா. என் கணவர் வேலை பார்த்த தோட்டத்து டிஸ்பென்சரியில் அவருக்கு உதவியாளாக இருந்தவர். என் கணவர் இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவரைப் புதைத்த இடத்தை நானும் மாமியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம்.

சென்ற வாரம் என் முதல் வகுப்பறையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினேன் என்று சிலர் சொன்னார்கள். இந்த வாரம் அப்படி இராது. இதை எழுதாமல் இத்தொடரை முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை.

கிடக்கும் தண்ணீர்

எங்கள் ஊரில் தண்ணீர் கிடக்கும், விழாது. புளியந்தீவில் எந்தத் தெருவால் நடந்தாலும் கடைசியில் வாவி குறுக்கே வந்து நிற்கும். காற்றில்லாத காலைகளில் அது அசையாது. தோணி ஒன்று கடந்து போனால் அது எழுப்பிய நெளிவு கரைக்கு வந்து சேர வெகுநேரமாகும். நான் படித்த பாடசாலையிலேயே ஆசிரியையாகி, கரும்பலகையில் மலை கீறி, அதிலிருந்து நாலு வெள்ளைக் கோடுகளை இழுத்து, “இதுதான் நீர்வீழ்ச்சி” என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். ஒன்றையாவது கண்ணால் கண்டதில்லை.

கண்டவர் என் கணவர் இஞ்ஞாசி. ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி, பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு டிஸ்பென்சராகப் போனார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலாவது மாதம். எனக்குப் பாடசாலை இருந்தது. அதனால் நான் ஊரிலேயே இருந்துவிட்டேன். அவர் வருடத்தில் மூன்று தடவை வருவார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு, பெரிய வெள்ளிக்கு, ஆவணியில் அவருடைய வீட்டாரின் கோயில் திருநாளுக்கு. வராத மாதங்களில் கடிதம் வரும்.

அந்தக் கடிதங்களில் பாதி அருவிகளைப் பற்றித்தான். ஒரே ஆறு ஒரே பள்ளத்தாக்கில் மூன்று தரம் விழுகிறது என்று எழுதினார். கீழ் அருவி, நடு அருவி, மேல் அருவி. மேல் அருவிக்கும் மேலே தோட்டத்தின் இன்னொரு பிரிவு இருக்கிறது, அங்கே தொழிலாளர் குடியிருக்கும் இருபது லயங்கள், ஒரு சிறு கத்தோலிக்கக் கோயில். கிழமையில் இரண்டு நாள் மருந்துப் பையோடு அங்கே ஏறிப் போக வேண்டும். மேல் அருவியின் தலைக்கு மேலே ஆற்றைக் கடக்க ஒற்றை மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். “பங்குனி விடுமுறைக்கு வா. மூன்றையும் காட்டுகிறேன்” என்று இரண்டு வருடமும் எழுதினார். முதல் வருடம் என் தங்கைக்குச் சுகமில்லை. இரண்டாம் வருடம் பாடசாலைப் பரிசளிப்பு. அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

மாமிக்கும் எனக்கும் அந்த நாளில் பேச்சு அதிகம் இல்லை. சண்டையும் இல்லை. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் மெதடிஸ்ட். கல்யாணம் அவர்கள் கோயிலில்தான் நடந்தது, ஆனாலும் மாமிக்கு மனம் ஆறவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மகன் என் வீட்டோடு வந்ததும் அவருக்கு இன்னொரு இழப்பு. வாவியின் மறுகரையில், துறைக்குப் பக்கத்தில், தனியாக இருந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதையும் மகனைப் பார்த்துத்தான் சொல்வார். “அவவிட்டச் சொல்லு, கறிக்குப் புளி கூடிப் போச்செண்டு.” மாமி சொல்வதை நானும் என் கணவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருப்பேன்.

தந்தி வந்த கிழமை

நத்தாருக்குப் பத்து நாள் இருந்தது. நான் பலகாரத்துக்கு மாவறுத்துக்கொண்டிருந்தேன். தந்தியை மாக் கையோடுதான் வாங்கினேன். ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, உடல் கிடைத்தது, உடனே வரவும் என்று இருந்தது.

உடனே எப்படிப் போவது? எங்கள் பக்கமும் வெள்ளக்காடு. செங்கலடியில் பிரிந்து மலைக்கு ஏறும் பதுளை றோட்டு கரடியனாற்றுக்கு இப்பாலேயே தண்ணீருக்குள் போய்விட்டது. ரயிலும் நின்றுவிட்டது. மறுநாள் காலை மாமி அந்தக் கொட்டும் மழையில் தோணியில் வந்து இறங்கினார். யார் சொன்னார்களோ தெரியாது. முக்காடும் சேலையும் ஒழுக வாசலில் நின்று, முதல் தடவையாக என்னைப் பார்த்து நேரே கேட்டார்.

“பஸ் ஓடுதா?”

“இல்ல மாமி.”

“நடந்து போகேலாதா?”

இருவரும் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றோம். அடுத்த நாளும் போனோம். ஒன்பது நாள் போனோம். ஒன்பதாம் நாள் தோட்டத்துக் கிளாக்கரின் கடிதம் வந்தது. உடலை வைத்திருக்க முடியவில்லை, மேல் பிரிவுக் கோயிலடியில் அடக்கம் செய்துவிட்டோம், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.

முகம் பாராத சாவு அது. வீட்டில் பிணம் கிடக்கவில்லை. குழியில் ஒரு பிடி மண் போடவில்லை. தை பிறந்ததும் நான் பாடசாலைக்குப் போய்க் கரும்பலகையில் எழுதினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள்.

ஒரு வருடம் போனபின், மாசி மாதத்தில், மாமி மறுபடி தோணியேறி வந்தார்.

“அவன எங்கட சேமக்காலைக்குக் கொண்டு வரவேணும் புள்ள. சாமியாரிட்டக் கேட்டன். நீயும் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கவேணுமாம்.”

“புதைச்சவரத் திரும்பக் கிண்டிறதா மாமி? எனக்கு மனம் இல்ல.”

மாமி கோபிக்கவில்லை. “முதல்ல வந்து பார். பாத்திட்டு மறுகா சொல்லு” என்றார்.

பதுளை றோட்டு

இன்றைக்கு அந்த வழியால் போகிறவர்களுக்கு அன்றைய பயணத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடியலில் ஏறிய பஸ். கரடியனாறு வரை இருபுறமும் அறுவடை முடிந்த வயல்வட்டை. சூடு மிதித்த வைக்கோல் மணம் பஸ்ஸுக்குள் வந்தது. அதற்கப்பால் காடு. பிபிலையில் தேநீர்க்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். பிறகு ஏற்றம் தொடங்கியது. மாமி அதுவரை மலையே கண்டதில்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னிருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். லுணுகலை தாண்டும்போது குளிர்காற்று அடித்தது. மாமி தன் மகன் உயிரோடிருந்த நாளைப் பற்றி என்னோடு முதன்முதலாகப் பேசியது அங்கேதான்.

“இந்தக் குளிருக்கு அவன் என்ன போர்த்தவன்?”

“கம்பளி வாங்கியிருக்கன் எண்டு எழுதினவர் மாமி.”

“நல்ல கம்பளியா?”

“ஓம் மாமி.”

அது எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓம் என்றேன்.

அன்றிரவு தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் தங்கினோம். மேல் பிரிவுக்கான வண்டிப்பாதை அந்த வெள்ளத்தில் மண் சரிந்து மூடியது, இன்னும் திறக்கவில்லை, அருவிகளின் ஓரமாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான் இருக்கிறது, ஏறி முடிக்க மத்தியானம் ஆகும் என்றார் அவர். “முத்தையாவை அனுப்புகிறேன். வேற யாரையாவது அனுப்பலாம்தான். ஆனால் அவர் தானே வருவேன் என்று நிற்கிறார்.”

முத்தையாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமான, மெலிந்த மனிதர். டிஸ்பென்சரியில் கொடுத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வந்து நின்றார். எங்களுக்கு வணக்கம் சொல்லும்போது கண்ணைத் தூக்கவில்லை. அது மரியாதை என்று நினைத்தேன்.

நடு அருவி

கீழ் அருவியை நாங்கள் நின்று பார்க்கவில்லை. பாதை அதன் பக்கத்தால் போனது. சாரல் முகத்தில் பட்டது. மாமி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு களிமண்ணில் வெட்டிய படிகள். தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. சமதரையில் நடந்து பழகிய கால்கள். இருபது படிக்கு ஒரு தரம் நின்றார். என் கணுக்காலில் அட்டை கடித்திருந்ததை முத்தையா கண்டு, அதைக் கழற்றக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து, என்னிடம் தராமல் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார்.

நடு அருவி ஒரு குளம்போன்ற பள்ளத்துக்குள் விழுந்தது. நாலைந்து தென்னை உயரம் இருக்கும். மேலே ஒன்றாக இருந்த தண்ணீர் பாறையில் மோதி மூன்றாகப் பிரிந்து, கீழே வரும்போது மறுபடி ஒன்றாகியது. அடியில் பச்சைப் பாசி. ஓரத்துப் பாறையில் யாரோ துவைத்து விரித்த குழந்தைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

“தம்பி, அவன் எந்த இடத்தில கிடந்தவன்?” என்று மாமி கேட்டார்.

முத்தையா குழந்தைச் சட்டை காய்ந்த பாறைக்குக் கீழே இருந்த மணல் திட்டை மோவாயால் காட்டினார்.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் இருந்து, செபமாலையை எடுத்தார். நான் நின்றேன். நான் கரும்பலகையில் கீறிய நாலு வெள்ளைக் கோடுகளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அழகாக இருந்தது. அவர் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் இருந்ததைவிட அழகாக இருந்தது. அந்த அழகை என்னால் மன்னிக்க முடியவில்லை. பாறையில் காய்ந்த அந்தச் சட்டையையும் மன்னிக்க முடியவில்லை. அவர் கிடந்த இடத்தில் துணி துவைக்கிறார்களா என்று முத்தையாவிடம் கேட்டேன்.

“தண்ணிக்கு வேற எடம் இல்லீங்கம்மா” என்றார்.

“என் கைய நம்பி வராதீங்க”

மேல் அருவியின் தலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாலம் இல்லை. வெள்ளம் கொண்டுபோன மரத்துக்குப் பதில் புது மரம் இன்னும் போடவில்லை. ஆற்றில் முழங்காலளவுத் தண்ணீர். ஆனால் வேகம் இருந்தது. இடதுபக்கம் இருபது முப்பது அடி தள்ளி ஆறு ஒரு விளிம்பில் முடிந்தது. அதற்கப்பால் ஆகாயம் மட்டும்தான்.

“கையப் பிடிச்சுக் கடத்திவிடு தம்பி” என்றார் மாமி.

முத்தையா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என் கைய நம்பி வராதீங்கம்மா.”

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

“அன்னைக்கு சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேல ஒரு பொண்ணு புள்ள பெறத் தவிக்குதுன்னு ஆளு வந்துச்சு. மழ கொட்டுது. நாங்க இங்க வந்து பாத்தா பாலத்த தண்ணி கொண்டு போயிருச்சு. விடியட்டும் அய்யான்னு சொன்னேன். அய்யா பைய தலையில வச்சுக்கிட்டாரு. மத்தக் கையால என்னப் புடிச்சுக்கிட்டாரு. நடுவுல வந்ததும் அவரு காலு வழுக்கிருச்சு. நான் ஒரு கல்ல கட்டிப் புடிச்சிருந்தேன். என்னையும் சேத்து இழுக்குது தண்ணி.”

“மறுகா?” என்றார் மாமி.

“அய்யா என் மொகத்தப் பாத்தாரு. விட்டுரு முத்தையா, ஒனக்குப் புள்ளைக இருக்குன்னாரு.” அவர் பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கினார். “விட்டுட்டேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் பேசினேன்.

“அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது?”

“நாங்க இங்க வந்து நிக்கிறதுக்கு முன்னாலேயே பொறந்திருச்சும்மா. எங்களுக்குத் தெரியல. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.”

“அப்ப அவர் போகத் தேவையே இல்ல.”

“தேவையில்லம்மா.”

முத்தையாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. என் வாழ்நாளில் யாரையும் அப்படி நினைத்ததில்லை. அதே சமயம் என் கணவர் சொன்னதாக அவர் சொன்ன அந்தச் சொற்கள் என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. விட்டுரு முத்தையா, உனக்குப் பிள்ளைகள் இருக்கு. நான் அப்படிப்பட்ட ஒருவரின் மனைவி.

மாமி கரைக் கல்லில் இருந்தார். வெகுநேரம் முத்தையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு எத்தின புள்ளைகள்?”

“நாலும்மா. ரெண்டு பொம்பள, ரெண்டு ஆம்பள.”

“கடைசிக்கு எத்தின வயசு?”

“மூணு.”

மாமி எழுந்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார்.

“கையத் தா.”

“வேணாம்மா.”

“எனக்கு முழங்கால் ஏலா. கை இல்லாம நான் எப்பிடி அங்கால போற? கையத் தா மகன்.”

முத்தையா கையை முன்னால் கொண்டுவந்தார். மாமி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். ஒவ்வொரு அடியாக, கல் கல்லாக, அவர்கள் கடந்து போனதை நான் இக்கரையில் நின்று பார்த்தேன். மாமியை விட்டுவிட்டு முத்தையா எனக்காகத் திரும்பி வந்தார். நான் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. தனியே இறங்கினேன். நடுவில் ஒரு தரம் தடுக்கி, இடுப்புவரை நனைந்து, கல்லைப் பிடித்துக் கரையேறினேன்.

சிலுவையடி

குழியைச் சுற்றி உருண்டைக் கற்கள் அடுக்கியிருந்தார்கள். மரச்சிலுவையில் ஒரு தகரம். அதில் வெள்ளைப் பெயின்ற்றில், தோட்டத்துச் சனம் கூப்பிட்டபடியே, ‘இன்னாசி டாக்டரய்யா’ என்று எழுதியிருந்தது. புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. யார் செதுக்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முத்தையா கோயில் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

மாமி மண்ணைத் தடவினார். நெற்றியை அதில் வைத்தார். பிறகு எழுந்து, “எங்கட ஊர் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். முத்தையா கிழக்கே காட்டினார். மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக இறங்கி, கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாமி அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

எனக்கு அந்த இடத்தின் தனிமை தாங்கவில்லை. மூடுபனி கோயில் கூரையைத் தொட்டுக்கொண்டு இறங்கியது. இந்த ஈரத்தில், தெரிந்தவர் ஒருவருமில்லாத இந்த மண்ணில் இவர் எதற்குக் கிடக்க வேண்டும்?

“கொண்டு போவம் மாமி. நான் கையெழுத்து வைக்கிறன்” என்றேன்.

மாமி தலையை ஆட்டினார். “வேணாம் புள்ள.”

“நீங்கதானே கேட்டனீங்கள்?”

“கேட்டன்தான். அப்ப வழிய நான் பாக்கல்ல.” அவர் ஆற்றின் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். “அவனத் திரும்பவும் அந்தத் தண்ணியத் தாண்டவைக்க நான் மாட்டன்.”

நான் கெஞ்சிப் பார்த்தேன். வண்டிப்பாதை திறக்கும்வரை காத்திருக்கலாம் என்றேன். அவர் இசையவில்லை. அன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

திரும்பிய பிறகு, அந்த வருட மழைக்காலத்துக்கு மட்டும் என்று மாமி என் வீட்டுக்கு வந்தார். மழை விட்டது, அவர் போகவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிறு காலை அவர் தன் கோயிலுக்கும் நான் என் சேர்ச்சுக்கும் ஒன்றாகப் புறப்பட்டு, சந்தியில் பிரிவோம். பிறகு அதே சந்தியில் ஒருவருக்காக மற்றவர் காத்து நிற்போம்.

என் கணவரின் கடைசிச் சொற்களை நான் பலருக்கும் சொன்னேன். எங்கள் போதகர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நானே சொன்னேன். பெரிய பிள்ளைகள் கண் துடைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும்போது மட்டும் மாமி எழுந்து குசினிக்குப் போய்விடுவார். கேட்கத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

முத்தையா வந்த நாள்

எட்டு, ஒன்பது வருடம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம் படலையைத் தட்டும் சத்தம். முத்தையா நின்றார். தலை நரைத்துவிட்டது. அதே காக்கிக் கோட்டா, வேறா என்று தெரியவில்லை.

தோட்டத்துச் சனத்தை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலில் அவர்கள் குடும்பத்தின் பெயர் வந்துவிட்டதாம். அடுத்த கிழமை தலைமன்னாரில் கப்பல். மூத்த மகள் கல்யாணமாகி இங்கேயே இருக்கிறாள். அவள் பெயர் பட்டியலில் இல்லை. மற்ற மூவரும் மனைவியும் இவரோடு போகிறார்கள். அவர் பிறந்ததும் அவர் அப்பா பிறந்ததும் அந்த மலையில்தான். இராமேசுவரத்தில் இறங்கிய பின் எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. இத்தனையையும் அழாமல், யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

“போறதுக்கு முன்னால ஒங்களப் பாத்துட்டுப் போகணும்னு வந்தேம்மா.”

மாமி அவரை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, பீங்கான் கோப்பையில் சோறு போட்டார். அன்று வாவி மீன் குழம்பு. முத்தையா சோற்றில் கை வைத்தார், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அம்மா, ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அத வச்சுக்கிட்டுக் கப்பலேற முடியல.”

நான் வாசற்படியில் நின்றேன்.

“அய்யா விடச் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. என் கைய கெட்டியாப் புடிச்சிருந்தாரு. நகம் பதிஞ்சு ரத்தம் வந்துச்சு. நான்தான் ஒதறினேன்.”

வெளியே பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். மாமி குழம்புச் சட்டியை மூடினார்.

“தெரியும் மகன்” என்றார்.

முத்தையா தலையை உயர்த்தினார்.

“அவன் ஏழு வயசில தோணியால விழுந்து முழுகினவன். தலைமயிரப் பிடிச்சுத்தான் தூக்கின. அதுக்குப் புறகு தண்ணியக் கண்டா என்ட கைய விடான். மீசை வந்த மறுகாவும் துறையில என்ட கையப் பிடிச்சுத்தான் தோணி ஏறுவான். அவனா விடச் சொல்லுவான்?”

“அப்ப… அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாம்மா?”

“நீ சொல்லிக்கொண்டு நிக்கக்குள்ளேயே தெரியும்.”

“தெரிஞ்சுமா என் கையப் புடிச்சீங்க?”

“உனக்கு மூண்டு வயசில புள்ள இருக்கெண்டு சொன்னாய்.” மாமி கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். “சோறு ஆறுது. சாப்பிடு.”

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் நான் ஊரெல்லாம் சொன்ன சொற்கள் அவர் சொல்லாதவை. அதைவிட, என் கணவருக்குத் தண்ணீர் பயம் என்பதே எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை. துறைக்குப் போகும் வேளைகளில் நீ வராதே, வெயில் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனது இதற்காகத்தானா? அருவி, அருவி என்று பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், கிழமையில் இரண்டு தடவை அந்த ஒற்றை மரத்தில் எப்படி நடந்திருப்பார்? பாலமே இல்லாத அந்த மாலையில், விடியட்டும் என்று ஒருவர் சொல்லியும், எதை நினைத்துக்கொண்டு இறங்கினார்?

அவர் செத்துப் பத்து வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. நான் அவருக்காக அழுதது அன்றைக்குத்தான். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல், படியில் இருந்து அழுதேன். அவர்கள் இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததற்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

முத்தையா சாப்பிடத் தொடங்கியிருந்தார். எங்கள் வாவி மீனில் முள் அதிகம். மலையில் வளர்ந்தவருக்கு அது பழக்கமில்லை. ஒரு வாய் எடுத்துவிட்டுத் திணறினார். மாமி அவர் கோப்பைக்குப் பக்கத்தில் நகர்ந்து இருந்து, மீனைப் பிய்த்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கிவிட்டு, சதையை அவருடைய சோற்றின் ஓரத்தில் வைத்தார். முத்தையா குனிந்தபடியே சாப்பிட்டார். மாமி வைத்துக்கொண்டேயிருந்தார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், செம்பில் தண்ணீர் வார்த்து எடுத்து வந்தேன். கீழே வைக்கவில்லை. அவர் கையில் கொடுத்தேன்.